ஒன்பது வீட்டு ஜெபம்

லோகன்ஸ் வெல், விக்டோரியா
20 ஏப்ரல் 1986

அன்புள்ள கிளெம்,

வீடு வந்து சேர்ந்துவிட்டேன். என் முதுகு மட்டும் இன்னும் பேருந்திலேயே உட்கார்ந்திருக்கிறது. நான் இல்லாத பத்து நாளும் உன் அத்தான் ஆல்ஃப் முட்டையையும் டின் பீன்ஸையும் வைத்தே காலத்தை ஓட்டியிருக்கிறார். பாத்திரம் எதையும் கழுவவில்லை. இங்கே மழை இல்லை. விதைக்கலாமா வேண்டாமா என்று எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கடைசி நாள் உன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடந்ததைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். நான் நரகத்தைப் பற்றிப் பேசியிருக்கக் கூடாது, அதுவும் உன் கூட்டாளி ஸ்டிபே எதிரில். அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீ பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய் உன் லாரிக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாயே, நாற்பத்தொரு வயது மனிதன் செய்கிற காரியமா அது?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். போதகர் எங்களுக்கு ஆறு செவ்வாய்க்கிழமை வகுப்பு எடுத்தார், விசுவாசம் இல்லாதவர்களிடம் ஆண்டவரைப் பற்றி எப்படிப் பேசுவது என்று. "கோபப்படுவாங்க. உங்க மேல உள்ள கோபம்னு நெனைக்காதீங்க, அது வசனத்து மேல உள்ள கோபம்" என்றார். அதனால் நீ எழுந்து போனபோது எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்கூட வந்தது. வசனம் வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் என் பையை ஸ்டிபே தூக்கி வந்து பேருந்தில் வைத்தான், நீ வரவில்லை. அப்போது அந்தச் சந்தோஷம் போய்விட்டது.

மேசையிலிருந்து எழும்போது "இனிமே இங்க வராதக்கா" என்று சொன்னாய். கோபத்தில் சொன்னாயா, யோசித்துச் சொன்னாயா? அதை மட்டும் எழுது. எனக்குக் கூடப் பிறந்தவன் நீ ஒருத்தன்தான்.

உன் அக்கா
வெர்னா


கூபர் பெடி
4 மே 1986

அக்கா,

யோசித்துத்தான் சொன்னேன்.

உங்கள் போதகரின் வகுப்பு நல்ல வகுப்புதான். நான் கோபப்பட்டால் வசனம் குத்துகிறது என்று அர்த்தம். சிரித்தால் என் மனம் கல்லாகிவிட்டது. அழுதால் மனம் திரும்புகிறேன். பேசாமல் இருந்தால் ஆவியானவர் உள்ளே வேலை செய்கிறார். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஜெயிப்பது நீதான். இப்படி ஒரு சீட்டாட்டத்தை இந்த ஊரில் ஆடினால் மண்டையை உடைத்துவிடுவார்கள்.

எனக்கு உன் கடவுளோடு சண்டை இல்லை. ஸ்டிபேயைப் பார்த்தாய் அல்லவா? குரோஷியாக்காரன், ஞாயிறு தவறாமல் மலைக்குள் குடைந்த அந்தக் கோயிலுக்குப் போகிறவன். ஐந்து வருஷமாக ஓப்பல் கல் தோண்டி ஒரே குழியில் வேலை செய்கிறோம், ஒரே கெட்டிலில் டீ போட்டுக் குடிக்கிறோம். ஒரு தடவைகூட என்னை அங்கே அழைத்ததில்லை. நான்தான் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேன்: "ஏன்டா, நான் நரகத்துக்குப் போனா உனக்குப் பரவாயில்லையா?" மண்ணைச் சலித்துக்கொண்டே அவன் சொன்னான்: "நீ ஓப்பல் எங்க கிடைக்கும்னு கேட்டா சொல்வேன். கேக்காதவன்கிட்ட யாராவது சொல்வாங்களா?"

நீயோ என் வீட்டில், என் மேசையில், நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் என் சாப்பாட்டுக்கு நன்றி சொல்லி முடித்துவிட்டாய். ஆட்டுக்கறியை மூன்று மணி நேரம் வேகவைத்தவன் நான்.

நீ கொண்டுவந்த பழக் கேக் தீர்ந்துவிட்டது. ஸ்டிபேதான் தின்றான்.

கிளெம்


லோகன்ஸ் வெல்
13 மே 1986

அன்புள்ள கிளெம்,

கேக் டப்பா காலியானதும் உள்ளே ஒட்டியிருந்ததைச் சுரண்டித் தின்றவன் யார் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து தெரியும்.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. நாலாவது தடவை வேறொன்று உறைத்தது. நீ பொய் சொல்லவில்லை, ஆனால் முழுதையும் சொல்லவும் இல்லை. நான் மாடு கறக்கிறவள். எந்த மாடு எதற்கு உதைக்கிறது என்று கண்டுபிடிக்காமல் எனக்குத் தூக்கம் வராது. அதனால் அன்று மேசையில் நடந்ததை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன்.

நீ வருவதற்குள் நான் சாப்பாட்டுக்கு நன்றி சொன்னேன். நீ ஸ்டிபேயைப் பார்த்துக் கண்ணைச் சுழற்றினாய், அவ்வளவுதான். நரகத்தைப் பற்றிக் கேட்டேன். "அங்க வெயில் இந்த ஊரை விடவா அதிகம்?" என்று சிரித்தாய். ஸ்டிபேயும் சிரித்தான், நான்கூடச் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அப்பாவின் பைபிளைக் கொடுத்தேன். அதை எறியாமல் தூசி படாத மேல் தட்டில் வைத்தாய். இதில் எதற்கும் நீ கோபப்படவில்லை.

அதற்கப்புறம் நான் சொன்னது ஒன்றே ஒன்று. "நாங்க எல்லாரும் உனக்காக ஜெபம் பண்றோம், கிளெம்."

அப்போதுதான் கரண்டியைக் கீழே வைத்தாய். உன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். இருக்கிற வார்த்தைகளிலேயே அன்பான வார்த்தை என்று நினைத்துத்தானே அதைச் சொன்னேன்? ஏன் அது?

இந்தக் கேள்விக்குப் போதகர் வகுப்பில் கொடுத்த தாளில் பதில் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன். நீதான் சொல்ல வேண்டும். நான் மறுபேச்சுப் பேசமாட்டேன். இது கடிதம் என்பதால் நடுவில் புகுந்து பேசவும் முடியாது, அது உனக்கு வசதி.

வெர்னா


கூபர் பெடி
25 மே 1986

அக்கா,

கேட்டுவிட்டாய். சொல்கிறேன்.

1979, நவம்பர் மாதம். ஜாய் என்னோடு குடித்தனம் வேண்டாம் என்று போய் ஐந்து வாரம். உங்கள் பண்ணையில் ஆட்டு ரோமம் வைக்கிற கொட்டகையில் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தோம், நீயும் நானும் மட்டும். நீ கேட்டாய், நான் சொன்னேன். தூங்கி மூன்று வாரம் ஆகிறது, வேலை செய்ய முடியவில்லை, வேலியோரமாகப் பகல் முழுக்க நடந்துகொண்டே இருக்கிறேன் என்று. என் வாழ்நாளில் அப்படி ஒருத்தரிடம் பேசியது அதுதான் முதல் தடவை. "யார்கிட்டயும் சொல்லாதக்கா" என்றேன். "சத்தியமா சொல்லமாட்டேன்டா" என்று என் தலையைத் தடவினாய்.

பத்து நாள் கழித்துக் கான்ஸ்டபிள் வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பத்து நிமிஷம் கால்பந்தைப் பற்றிப் பேசினார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "கிளெம், உன் துப்பாக்கிய கொஞ்ச நாள் நான் வச்சிக்கட்டுமா? நரிங்களுக்கும் கொஞ்சம் லீவு வேணும்ல, அப்புறம் தர்றேன்" என்றார். நகைச்சுவை பண்ணிப் பார்த்தார், பாவம். நான் எடுத்துக் கொடுத்தேன். அவருக்கு எப்படித் தெரிந்தது என்று அவர் போன பிறகுதான் யோசித்தேன்.

அடுத்த வாரம் தீயணைப்புக் குழுக் கூட்டம். ஏழு வருஷம் நான் தலைவனாக இருந்த குழு. லிண்ட்சே பெயரை ஒருத்தன் முன்மொழிந்தான், எல்லோரும் கையைத் தூக்கினார்கள், என்னைப் பார்க்காமல். டிசம்பரில் தானியக் கிடங்கு வரிசையில் நின்றபோது அதே லிண்ட்சே என் வண்டியின் சன்னல்மேல் கை வைத்துச் சொன்னான்: "எங்க வீட்ல தெல்மா உனக்காக ஜெபம் பண்ணிக்கிட்டு இருக்கா. எல்லா வீட்லயும்தான்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது, உன்னிடம் சொன்னது எந்த வழியாகப் போனது என்று. ஜனவரியில் ஊரை விட்டுக் கிளம்பிவிட்டேன். ஜாய் போன துக்கத்தில் ஓடிவிட்டான் என்று நீங்கள் பேசிக்கொண்டீர்கள்.

ஜெபம் என்றால் உனக்குக் கடவுள் நினைவுக்கு வருவார். எனக்குத் தொப்பியைக் கையில் பிடித்த போலீஸ்காரர்தான் நினைவுக்கு வருகிறார்.

கிளெம்


லோகன்ஸ் வெல்
11 ஜூன் 1986

அன்புள்ள கிளெம்,

உன் கடிதம் வந்த அன்றே ஒரு பதில் எழுதினேன். அதில் என்னை நியாயப்படுத்தி மூன்று பக்கம் இருந்தது. நான் உன்னைக் காப்பாற்றத்தான் பார்த்தேன், ஆண்டவரிடம் சொல்வது ஊரில் சொல்வதாகுமா, இப்படி. எழுதி முடித்துப் படித்தபோது, லாரிக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பது நான்தான் என்று தோன்றியது. அடுப்பில் போட்டேன்.

பிறகு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் பட்டியலைப் பார்த்தேன். நீ அதைப் பார்த்திருப்பாய். எங்கள் ஜெபச் சங்கிலி. ஒருத்திக்குப் பாரம் இருந்தால் அடுத்த பெயருக்கு ஃபோன் பண்ண வேண்டும், அவள் அதற்கடுத்த பெயருக்கு. என்னைத் தவிர ஒன்பது வீடு. அரை மணியில் ஒன்பது வீட்டிலும் முழங்கால் போட்டுவிடுவார்கள். ஆஸ்பத்திரியில் கிடந்த சூசியின் குழந்தை பிழைத்தது இதனால்தான் என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் சத்தியம் செய்துவிட்டு, அன்றைக்கே உன் பெயரையும் இதில் சொன்னேன். அதை மீறுகிறேன் என்ற எண்ணமே அப்போது எனக்கு இல்லை, கிளெம். ஜெபத்துக்குச் சொல்வதைச் சொல்வதாகவே நாங்கள் கணக்கில் வைப்பதில்லை.

ஆனால் துப்பாக்கி? நீ என்னிடம் துப்பாக்கியைப் பற்றிப் பேசவே இல்லையே. யாரோ கதை கட்டியிருக்கிறார்கள் என்று எனக்கு வெறி வந்தது. எவள் என்று கண்டுபிடித்து உனக்கு எழுதிவிட வேண்டும் என்று வண்டியை எடுத்தேன்.

கடைசிப் பெயரிலிருந்து தொடங்கினேன். கோரலி, கான்ஸ்டபிளின் மனைவி. "நான் என்ன செய்ய முடியும் வெர்னா? துப்பாக்கியோட நடமாடுறார்னு சொன்னாங்க. வீட்டுக்காரர் போலீஸ். கேட்டும் கேக்காத மாதிரி இருக்கச் சொல்றியா?" என்றாள். அவளுக்குச் சொன்ன தெல்மா கதவைப் பாதிதான் திறந்தாள். "நான் நடமாடுறார்னு சொல்லவே இல்ல, வீட்ல துப்பாக்கி இருக்கு, பயமா இருக்குன்னுதான் சொன்னேன். நாங்க நல்லதுக்குத்தான் பண்ணோம். இப்ப ஆறு வருஷம் கழிச்சு எதுக்கு இதக் கிளர்றே? யார் உன்னை அனுப்பினது?" என்றாள். ஒவ்வொரு வீட்டிலும் இதே கதைதான். டீ கொடுத்தார்கள், கையைக் கட்டிக்கொண்டார்கள், குரல் உயர்ந்தது. உன் முகத்தில் பார்த்ததை எட்டு சமையலறைகளில் பார்த்தேன், கிளெம். எல்லோரும் ஞாயிறு தவறாதவர்கள். இதற்கு வசனத்தின் மேல் உள்ள கோபம் என்று பெயர் வைக்க என்னால் முடியவில்லை.

கடைசியில் ஃப்ளோரா அம்மாள் வீட்டுக்குப் போனேன். பட்டியலில் எனக்கு அடுத்த பெயர் அவருடையதுதான். எண்பத்திரண்டு வயது. அவர் சண்டை போடவில்லை. ஒவ்வொரு ஜெபக் குறிப்பையும் தேதி போட்டு நோட்டில் எழுதி வைக்கிற பழக்கம் அவருக்கு. அலமாரியிலிருந்து ஒரு நீல நோட்டை எடுத்துப் பக்கத்தைத் திருப்பி என்னிடம் கொடுத்தார். உள்ளது உள்ளபடி எழுதுகிறேன்:

"18 நவம்பர். வெர்னாவின் தம்பி கிளெம். தூக்கமில்லை. வேலியோரம் நடக்கிறான். வீட்டில் துப்பாக்கி இருப்பதை நினைத்தால் வெர்னாவுக்குப் பயம்."

நான்தான் சொல்லியிருக்கிறேன். எனக்கு நினைவே இல்லை. ஆனால் அவர் இட்டுக்கட்டுகிறவர் இல்லை. படித்த நொடியில் அந்தப் பயமும் திரும்பி வந்தது, ஃபோன் வயரை விரலில் சுற்றிக்கொண்டு நின்றதும் நினைவு வந்தது. உனக்காகப் பயந்தேன். உன்னிடம் கேட்கத் தைரியம் இல்லாமல், ஊரிடம் சொன்னேன்.

புதன்கிழமை கூட்டத்தில் எழுந்து, நான் ஒருவருக்குச் செய்த சத்தியத்தை மீறினேன், என் பெயரைச் சங்கிலியிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று சொன்னேன். உன் பெயரைச் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் சொல்லவில்லை. தெல்மா ஒரு வாரமாக என்னோடு பேசுவதில்லை.

என்னை மன்னித்துவிடு, கிளெம். வரவேண்டாம் என்றால் வரமாட்டேன். கடிதம் மட்டும் போடு.

உன் அக்கா
வெர்னா


கூபர் பெடி
23 ஜூன் 1986

அக்கா,

எட்டு சமையலறையில் எட்டு டீ குடித்தாயா? அதற்கே உனக்கு மன்னிப்பு உண்டு. தெல்மாவின் டீ எனக்கு நினைவிருக்கிறது.

உன் கடிதத்தை ஸ்டிபேயிடம் காட்டவில்லை. யாரிடமும் காட்டவில்லை. ஐந்து நாள் குழிக்குள் அதையே நினைத்துக்கொண்டு வேலை செய்தேன். வேறு யாராவது கதை கட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவளைத் திட்டிவிட்டு முடித்திருப்பேன். நீயே தேடிப்போய், உன் பெயரையே கண்டுபிடித்து, மறைக்காமல் எனக்கு எழுதியிருக்கிறாய். அதனால் நானும் ஒன்றை எழுதியாக வேண்டும்.

நீ பயந்தது சரி.

அந்த வாரம் திங்கட்கிழமை துப்பாக்கியை எடுத்துத் துடைத்து மேசைமேல் வைத்தேன். நரிக்காகத் துடைக்கவில்லை. செவ்வாய்க்கிழமையும் அது மேசைமேல்தான் இருந்தது. புதன்கிழமை கான்ஸ்டபிள் வந்தார்.

அவர் வராமல் இருந்திருந்தால் என்ன என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் நடக்காமலும் இருந்திருக்கலாம். ஆறு வருஷமாக உங்கள் எல்லோர் மேலும் எனக்குக் கோபம். என் பேச்சை ஒன்பது வீட்டுக்குக் கொண்டுபோனீர்களே என்று. இப்போதும் அது தப்புதான், அதை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஆனால் அதனால்தான் நான் உயிரோடு உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேனோ என்ற கேள்வியும் கூடவே இருக்கிறது. அந்தக் கேள்வி பக்கத்தில் வரும்போதெல்லாம் எழுந்து லாரிக்குப் போய்விடுவேன். அன்றைக்கும் அப்படித்தான் போனேன். உன்மேல் மட்டும் உள்ள கோபம் இல்லை அது.

மனம் திரும்பிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. உங்கள் போதகர் கைதட்டிவிடப் போகிறார். நான் இருந்த இடத்தில்தான் இருக்கிறேன். ஆனால் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. இந்தத் தடவை நான்தான் கேட்கிறேன், அதனால் நீ சொல்லலாம். வகுப்பில் கொடுத்த பதில் வேண்டாம். சங்கிலி இல்லை, கூட்டம் இல்லை, நீ மட்டும் தனியாக இருக்கும்போது, என்னைப் பற்றி உன் கடவுளிடம் என்னதான் சொல்வாய்?

திங்கட்கிழமை விஷயம் உனக்கு மட்டும். அவரிடம் சொல்லியே ஆகவேண்டும் என்றால் சொல்லிக்கொள். ஃபோன் வேண்டாம்.

செப்டம்பரில் இங்கே வெயில் அவ்வளவு இருக்காது. வந்தால் கேக் இரண்டு கொண்டு வா. சாப்பாட்டுக்கு நன்றி சொல்லலாம், நான் உட்கார்ந்த பிறகு.

கிளெம்


லோகன்ஸ் வெல்
3 ஜூலை 1986

என் கிளெம்,

உன் கடிதத்தைக் கோழிக்கூண்டுக்குள் போய்ப் படித்தேன். அங்கேதான் யாரும் வரமாட்டார்கள். அழுது முடித்து முட்டையோடு வெளியே வந்தேன். "கோழி கொத்திடுச்சா?" என்று ஆல்ஃப் கேட்டார். ஆமாம் என்றேன். கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன், நீ தப்பாக நினைக்கமாட்டாய்.

நீ கேட்டதற்குப் பதில். தனியாக இருக்கும்போது நான் அவரிடம் பெரும்பாலும் குறைதான் சொல்வேன். ஆல்ஃபைப் பற்றி, மழையைப் பற்றி, முழங்காலைப் பற்றி. பிறகு ஒவ்வொரு பெயராகச் சொல்வேன். மற்ற பெயர்களுக்கெல்லாம் இதைக் கொடும், அதைச் செய்யும் என்று கேட்க வரும். உன் பெயர் வரும்போது மட்டும் எனக்கு வார்த்தை வராது. "கிளெம்" என்று சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பேன். அவர் கேட்டுக்கொண்டிருக்கிறாரா என்று சில நாள் எனக்கே தெரியாது. இதைப் போதகரின் வகுப்பில் நான் சொன்னதில்லை. யாரிடமும் சொன்னதில்லை.

திங்கட்கிழமையை அவரிடம் சொன்னேன். கோழிகள் இருந்தன. வேறு யாரும் இல்லை.

செப்டம்பர் எட்டாம் தேதிக்குப் பேருந்தில் இடம் போட்டாயிற்று. கேக் மூன்று, ஸ்டிபேக்குத் தனியாக ஒன்று.

நேற்றுத் தபால் அலுவலகத்தில் ஃப்ளோரா அம்மாளைப் பார்த்தேன். உன் கையெழுத்து இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பிகிட்டேர்ந்து கடிதம் வந்துச்சாமே? எப்படி இருக்கான்? எதுக்காக ஜெபிக்கணும்னு சொல்லும்மா" என்றார். தெல்மாவும் வரிசையில் நின்றிருந்தாள், தபால் தலையை எண்ணுகிற மாதிரி. பழக்கம் அப்படி. வாய் வரைக்கும் வந்துவிடுகிறது.

"அவன் நல்லா இருக்கான்மா. மழைக்காக ஜெபிங்க" என்றேன்.

ஃப்ளோரா அம்மாள் என் கையை விட்டார். பிறகு பையிலிருந்து நோட்டை எடுத்து, தேதி போட்டு, "மழை" என்று மட்டும் எழுதிக்கொண்டார்.

உன் அக்கா
வெர்னா